கடைக்குட்டியைக் காணோம்

வாயில் மரவட்டு இருக்கும்போது சிவரஞ்சனி பேசமாட்டாள். கதவைத் திறந்தாள், தலையை ஆட்டினாள், பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள், மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வலது கன்னம் பல்வலிக்காரிக்கு வீங்கினதுபோல் உப்பியிருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் ஈடு இட்லி வெந்து இறங்கியிருக்கும். அப்புறம்தான் வட்டை வெளியே எடுத்தாள். வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைத்து, துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கைக்கண்ணாடியை எடுத்துத் தன் நாக்கையும் நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"பச்சைச் சாயம் நிக்குதுக்கா. நேத்து செவப்புதான் ஏமாத்திருச்சு. நாக்கெல்லாம் வெத்தலை போட்ட மாதிரி ஆயிருச்சு. அம்புட்டையும் திருப்பிக் குடுத்துட்டேன்."

"இதுக்குன்னு லேப் எல்லாம் இருக்குமேம்மா?"

"அனுப்புனேன். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சர்டிபிகேட்டும் குடுத்துட்டாங்க. ஆனா அங்க இருக்கற மெஷினுக்கு எச்சி ஊறுமாக்கா?"



பத்திரிகை வழக்கப்படி இவரை 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். முப்பத்தைந்தை நெருங்குகிறவர், ஒரு பிள்ளைக்குத் தாய், மனையியல் படித்தவர், திருச்சியில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர். ஆனால் நேரில் 'ஏம்மா, என்னம்மா' என்று கூப்பிட்டுவிட்டு எழுத்தில் மட்டும் கும்பிடு போட எனக்கு வராது. அவளும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறாள். ஆகவே அவள்.

ஆலங்குடியில் அவள் வீட்டு முன்னறையில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் சாக்குமூட்டைகள் கிடக்கின்றன. மூட்டைகளுக்குள் வட்டுகள். சின்னக் குழந்தைகளுக்கான ஒரு விளையாட்டுச் சாமானை அவள் சில வருஷங்களாகச் செய்துபார்த்து, பிரித்துப்பார்த்து, மறுபடி செய்துகொண்டிருக்கிறாள். பெயர் 'அடுக்கு'. ஒரு பலகை, அதன் நடுவில் நட்ட ஒரு கம்பு, கம்பில் கோக்க நடுவில் ஓட்டை போட்ட ஏழு வட்டுகள். அடியில் வைக்கிற பெரிய வட்டு ஊத்தப்பம் அளவு. வரவரச் சிறுத்து, உச்சியில் வைக்கிற கருப்பு வட்டு பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் தடி. அதற்கு அவள் வைத்த பெயர் கடைக்குட்டி.

"இதுல என்னம்மா புதுசு? கடையில தொங்குதே, பிளாஸ்டிக்ல" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. எழுந்துபோய்க் கடைச் சாமானையும் தன் சாமானையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அதுல கம்பு மேல போகப் போக ஒல்லியாகும் பாத்தீங்களா? தப்பான வட்டை வச்சா எறங்காது. புள்ளை ரெண்டு தட்டு தட்டும், எறங்கலைன்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிரும். நம்ம கம்பு அடியும் நுனியும் ஒண்ணு. எதுக்கு மேல எதை வச்சாலும் நிக்கும். தப்பா அடுக்குனாலும் நிக்கணும்க்கா. நின்னாத்தான் அது திரும்பிப் பாக்கும். பாத்துட்டு, 'அய்ய, இது நல்லால்லையே'ன்னு அதுவாக் கழட்டும். கழட்டுது பாருங்க, அங்கதான் படிப்பே இருக்கு."

ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பெரிசு சிறிசு என்று வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது, கை சொல்லித்தான் மூளைக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. பிள்ளைகள் விளையாடும்போது அவள் கைகளைப் பார்ப்பதில்லை, கண்களைத்தான் பார்க்கிறாள். எந்த வட்டை எடுக்குமுன் எங்கே பார்க்கிறது, எப்போது தயங்குகிறது என்று பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "கடைக்குட்டிய வைக்கிறப்ப மட்டும் எல்லாப் புள்ளையும் மூச்சைப் புடிச்சுக்கும்க்கா. வச்சு முடிச்சதும் நம்ம மூஞ்சியப் பாக்கும்" என்றாள். சொல்லும்போது அவள் முகமே ரெண்டு வயசாகிவிட்டது.

அவளைப் பிடித்து ஆட்டுகிற சங்கடமும் அந்தக் கடைக்குட்டியால்தான். சின்னதாக இருந்தால்தான் 'இதோடு முடிந்தது' என்று பிள்ளைக்குப் புரிகிறது. சின்னதாக இருந்தால் வாய்க்குள்ளும் போகிறது. பிவிசி குழாயில் வெட்டிய ஒரு துண்டை எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறாள். அந்தத் துண்டுக்குள் நுழைகிற எந்தச் சாமானும் மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது என்பது கணக்கு. கடைக்குட்டியை அதில் வைத்துக் காட்டினாள். நுழையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். அப்போதும் நுழையவில்லை.

"போகாதுக்கா. முழுசா முழுங்கவே முடியாது. ஆனா பொளந்து போச்சுன்னா?"

சிவரஞ்சனி பேசுகிற எந்தப் பேச்சுக்கும் பின்னால் ஓர் 'ஆனா' வந்து நிற்கும். சாயம் நல்ல சாயம், ஆனா. மரம் காய்ந்த மரம், ஆனா. வேப்பமரத்தில் செய்யலாம், கசப்புக்குப் பிள்ளைகள் வாயில் வைக்காது என்று முதலில் நினைத்தாளாம். கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாம் சப்புக்கொட்டிச் சப்பியிருக்கின்றன. "நம்மூருப் புள்ளைகளுக்குக் கசப்பு ஒரு சங்கதியாக்கா? பொறந்ததுலருந்து நாக்குல வசம்பு தேச்சு வளத்துருக்கு. எம் புத்திக்கு அது எட்டல பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வட்டுகளைக் கடைந்து கொடுக்கிறவர் உதயசூரியன். பெயரைக் கேட்டாலே அவர் அப்பா எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்; அவர் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. கட்டில் காலும் சப்பாத்திக் கட்டையும் கடைகிறவர். போன தடவை அவருடைய பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே ஸ்டூல்மேல் ஏறி நின்று ஒவ்வொரு வட்டாகச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"பாத்துக்கங்கம்மா, பிள்ளையாருக்குச் செதறுகாய் போடுற மாதிரி போடுது. நான் கடையிறேன், இது ஒடைக்கிது. பொளந்தா அழுகுது. பொளக்காட்டி 'ஏண்ணே பொளக்கல'ன்னு அதுக்கும் பயப்படுது. இதுகூட எப்படிங்க தொழில் பண்றது?"

"வீட்ல புள்ளை அடிக்கிற அடி நீங்க பாத்ததில்லண்ணே" என்றாள் ஸ்டூலிலிருந்தபடியே.

ஆலங்குடிப் பக்கம் கடலை விளைகிற பூமி. பறிக்கிற காலத்தில் ரோட்டோரமெல்லாம் காயப்போட்டிருப்பார்கள். சிவரஞ்சனி வீட்டில் ஒரு பருப்பு கிடையாது. சட்னிக்குக்கூடக் கிடையாது. காரணத்தை நான் கேட்காமலே சொன்னாள்.

மகன் அரவிந்துக்கு ரெண்டு வயசு இருக்கும்போது யாரோ கொறித்துக்கொண்டிருந்த கடலையில் ஒன்று கீழே விழுந்து, அவன் எடுத்து வாயில் போட்டு, சிரித்திருக்கிறான். சிரித்ததில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. கொஞ்சம் இருமிவிட்டு அடங்கிவிட்டான். சளி என்று நினைத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். சளி இல்லை. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்திருக்கிறது. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, குழாய் விட்டு எடுத்தார்கள். பையன் பிழைத்தான். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான், நன்றாக இருக்கிறான்.

"அப்புறம் நான் என்ன பண்ணேன் தெரியுமாக்கா? வீட்ல இருந்த சின்னச் சாமான் எல்லாத்தையும் தூக்கிட்டேன். மூடி, பொத்தான், சில்லறை, புளியங்கொட்டை, அவன் வெளயாட்டுச் சாமான் எல்லாத்தையும். கையில எதையும் குடுக்கல. போனை மட்டும் குடுத்தேன். முழுங்க முடியாத சாமான் அது ஒண்ணுதானே? நாலு வயசு வரைக்கும் போனையே பாத்துக்கிட்டு இருந்தான். பேச்சு வரல. பந்தை நீட்டுனா அதை எப்படிப் புடிக்கறதுன்னு கைக்குத் தெரியல. டாக்டரு கேட்டாரு, 'புள்ளை கையில எதுவுமே குடுக்கலையாம்மா'ன்னு. நான் என்னத்தச் சொல்லுவேன்? பயந்து பயந்து அவன் கையவே புடுங்கிட்டேன்க்கா."

அவனுக்காகச் செய்த முதல் அடுக்கு இன்னும் அலமாரியில் இருக்கிறது. கோணல்மாணலாக, சாயம் இல்லாமல். அவனுக்கு அதற்குள் வயசு தாண்டிவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் ஒரு பெரிய காரியம் காத்திருந்தது. கட்டுமாவடிப் பக்கத்து அங்கன்வாடிகளுக்கு அடுக்குகள் போகவேண்டும். மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. அதற்கு முன்னால், ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் திலகவதி டீச்சர் நடத்துகிற அங்கன்வாடியில் ஒரு செட்டைக் கொடுத்து, பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் பேசி முடித்து, அவள் எனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. திலகவதி டீச்சர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிவரஞ்சனி, பதறாதம்மா. நேத்து சாயங்காலம் அவசரத்துல எண்ணாம மூடி வச்சுட்டேன். இப்பத் தொறந்து பாக்குறேன், கடைக்குட்டியக் காணோம்."

காபி டம்ளரை அவள் கீழே வைத்த விதத்தை நான் மறக்கமாட்டேன். தளும்பாமல், சத்தமில்லாமல், தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல் வைத்தாள். அப்புறம் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். சாவி கையிலேயே இருந்தது.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வழி பூராவும் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். "குழாய்க்குள்ள போகல, போகவே இல்ல, நான் அமுத்திப் பாத்தேன்" என்பாள். உடனே, "ஈரத்துல கெடந்து வெயில்ல காஞ்சா வெடிப்பு விடும்க்கா, பாதி பாதியாப் போச்சுன்னா சரியாத் தொண்டைக்குள்ள உக்காந்துக்கும்" என்பாள். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். காற்றில் போய்விட்டது. நல்லவேளை, அவ்வளவு பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை அது.

"ஒரு புள்ளைக்குள்ள அது இருந்துச்சுன்னா, கட்டுமாவடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூட்டையோட அடுப்புல வச்சுருவேன். சத்தியமா வச்சுருவேன்" என்றாள். சொன்னபடி செய்துவிடுவாள் என்று எனக்குப் பட்டது.

அங்கன்வாடியில் திலகவதி டீச்சர் பாயெல்லாம் சுருட்டி வெளியே போட்டிருந்தார். சத்துமாவு டப்பா, தண்ணீர்க் குடம், பீரோவுக்கு அடி, பின்னாலுள்ள வாய்க்கால் என்று ஓர் இடம் பாக்கியில்லை. நானும் என் பங்குக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தரிச்செடிப் பாத்திக்குள் இறங்கித் துழாவினேன். ஒரு செருப்பும் ஒரு ஸ்பூனும்தான் கிடைத்தன.

"நேத்து இதுகூட வெளயாண்ட புள்ளைங்க யாரு யாரு டீச்சர்?" என்று கேட்டாள் சிவரஞ்சனி.

டீச்சர் காட்டினார். அன்று வந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக மடியில் வாரிப் போட்டுக்கொண்டாள். சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிள்ளைகளுக்குக் கிச்சுக்கிச்சு தாங்கவில்லை, நெளிந்தன. "சிரிக்காத தங்கம், சிரிக்காத, மூச்சு மட்டும் விடு" என்று கெஞ்சினாள். அவள் குரலைக் கேட்டு ஒரு பிள்ளை அழ ஆரம்பிக்க, மற்றதுகளும் சேர்ந்துகொண்டன.

அதற்குள் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. புவனேஸ்வரி என்ற பெண் வேகுவேகென்று வந்து நின்றார். நேற்று விளையாடிய பையன் ஒருவனின் அம்மா. பையனை இடுப்பில் இடுக்கியிருந்தார்.

"ஏங்க, எம் புள்ளை வெளயாட ஒங்க கட்டைதான் கெடச்சுச்சா? நாங்கெல்லாம் கட்டைய வச்சு வெளயாண்டுதான் வளந்தமா? எங்களுக்கெல்லாம் மூளை இல்லையா? எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களச் சும்மா விடமாட்டேன், சொல்லிப்புட்டேன்!"

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. சிவரஞ்சனி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க. அப்புறமா நல்லாத் திட்டுங்க. இப்பப் புள்ளைய ஒரு நிமிசம் குடுங்க. ராத்திரி இருமுனானா? எச்சி ஒழுகுச்சா? காலைல சோறு எறங்குச்சா?"

கேட்கக் கேட்க அந்த அம்மாவின் கோபம் பயமாக மாறுவதைப் பார்த்தேன். பையனை நீட்டினார். சிவரஞ்சனி அவன் முதுகில் காதை வைத்தாள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நிமிர்ந்து, "சுத்தமா இருக்குங்க" என்றாள். புவனேஸ்வரி தம் பிள்ளையை வாங்கி, அவன் முதுகில் தாமும் ஒருமுறை காதை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நேற்று விளையாடியவர்களில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் அன்று வரவில்லை. அமராவதியின் மகள் பிரகதீஸ்வரி. ரெண்டரை வயசு. எல்லோரும் பிரகதி என்றுதான் கூப்பிடுவார்களாம். கடைசியாகக் கடைக்குட்டியைக் கையில் வைத்திருந்ததும் அவள்தான் என்று டீச்சருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏன் வரல? ஒடம்புக்கு முடியலையா?"

"தெரியலம்மா. காலைலருந்து போன் போடுறேன். ரிங் போகுது, எடுக்க மாட்டேங்குது."

சிவரஞ்சனியின் உதட்டில் ரத்தமே இல்லை. வண்டியை அவளால் ஓட்ட முடியாது என்று தெரிந்தது. ஊரைத் தாண்டி, ஒரு தென்னந்தோப்புக்குள் வீடு. நடந்தோம். நடந்தோம் என்று எழுதுகிறேன். என் வயசுக்கு அது ஓட்டம்.

வீட்டு வாசல் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆள் அரவம் இல்லை. நடைபாதையில் ஒரு சின்ன ரப்பர் செருப்பு, ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் சிவரஞ்சனி வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நீங்க போய்ப் பாருங்கக்கா. என்னால முடியல. நீங்க போங்க."

போனேன். எனக்கு மட்டும் தைரியம் கொட்டிக்கிடக்கிறதா என்ன? "அமராவதி! அமராவதி!" என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். மாட்டுக் கொட்டகையில் ஒரு பெண் குனிந்து வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, வாயில் விரலோடு.

"புள்ளை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். யாரென்றே தெரியாத ஒருத்தி, மூச்சிரைக்க வந்து நின்று இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் திகைப்பாக இருக்காது?

"நல்லாத்தான் இருக்கா. கன்னுதாங்க ரெண்டு நாளாப் பாடாப் படுத்திருச்சு. பொறந்ததுலருந்து மடியில வாயே வைக்கல. விடியிறதுக்குள்ள எந்திருச்சு இதுகூடத்தான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். போன் எங்க கெடக்குன்னுகூடத் தெரியல. நீங்க யாருங்க?"

பசுவின் காலுக்கு அந்தப்பக்கம் செவலைக் கன்று ஒன்று நின்றிருந்தது. அதன் கழுத்தில் ஒரு கருப்புக் கயிறு. கயிற்றில் வழுவழுவென்று, நடுவில் ஓட்டையோடு, கடைக்குட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"சிவரஞ்சனீ!" என்று நான் போட்ட சத்தத்தில் பசு மிரண்டுவிட்டது.

வந்தாள். முதலில் கன்றைப் பார்க்கவில்லை. அமராவதியின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கி, முதுகில் காதை வைத்தாள். அப்புறம் மார்பில் வைத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக் கன்றின் கழுத்தைக் காட்டினேன். பார்த்தாள். அப்படியே சாணித்தரையில், புடவையோடு, குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். விம்மி விம்மி அழுதாள். பிரகதி வாயிலிருந்த விரலை எடுத்து அவள் கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தது.

அமராவதிக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, எனக்குத் தெரியாதுங்க! நேத்து சென்டர்லருந்து வந்தா. கையில இதை இறுக்கிப் புடிச்சுருந்தா. வந்தவ நேராக் கன்னுகிட்டப் போயி, அது கன்னத்துல இதை வச்சு அமுத்துறா. 'பொத்து, பொத்து'ங்கறா. தெனமும் இவ கன்னத்துல நான் வைக்கிறேன்ல திஷ்டிப்பொட்டு, அந்த மாதிரி. கன்னு பொறந்ததுலருந்து பாக்க வாறவுக போறவுக கண்ணெல்லாம் பட்டுப்போச்சுன்னு நான் பொலம்பிக்கிட்டு இருந்தேன். புள்ளையாக் கொண்டாந்து வைக்கிது, அது வாக்கு நல்லதா இருக்கும்னு இன்னிக்கு விடிஞ்சதும் கயித்துல கோத்துக் கட்டிட்டேன். சாமி சத்தியமா, கட்டுனப்புறம்தாங்க அது பால் குடிச்சுச்சு!"

சிவரஞ்சனியின் அழுகை பாதியில் நின்றது. குழந்தையைத் தன் பக்கம் திருப்பி அதன் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் மை வட்டம் லேசாகக் கலைந்திருந்தது.

"பொட்டா?" என்றாள். "வட்டமா இருக்கு, கருப்பா இருக்கு, பொட்டுன்னு நெனச்சுக்கிட்டியா? எனக்கு வைக்கிற மாதிரி கன்னுக்கும் வைக்கணும்னு நெனச்சியா? அக்கா, பாத்தீங்களா? பெருசு சிறுசு தெரியட்டும்னு நான் குடுத்தேன். இது எங்க போயி நிக்கிது பாருங்க!"

கண்ணீரும் மூக்குமாக அவள் முகம் விரிந்தது. அமராவதி சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் பிரகதியும் சிரித்தது.

திலகவதி டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப்பக்கம் அவர் "அப்பாடா" என்று உட்கார்ந்த சத்தம் கேட்டது. சிவரஞ்சனி கன்றின் பக்கத்தில் போய், வட்டைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம் நகத்தால் கீறிப் பார்த்தாள். வெடிப்பு இல்லை. கீறல்கூட இல்லை.

அமராவதி புல் அறுக்கிற அரிவாளை எடுத்து வந்தார். எடுத்து வந்தாரே ஒழிய, கயிற்றை அறுக்க அவருக்கு மனசில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"வேணாங்க, இருக்கட்டும். நான் வேற கடைஞ்சுக்கறேன்" என்றாள் சிவரஞ்சனி.

"நெசமாவா?"

"நெசமாத்தான். கன்னுக்கே இருக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் கால் வலி தெரிந்தது. தென்னை நிழலில் நின்று புடவையில் ஒட்டிய சாணியையும் கத்தரிப்பாத்திச் சேற்றையும் தட்டிவிட்டுக்கொண்டேன். "சரிம்மா, கட்டுமாவடிக்கு மூட்டைய ஏத்திரலாம்ல?" என்று கேட்டேன்.

"ஏத்தணும்க்கா. ஏத்திர வேண்டியதுதான். ஆனா" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். கன்று கழுத்தை வளைத்து, நாக்கை நீட்டி, தொங்கிய வட்டின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தால் வாய்க்குள் இழுத்துவிடும்.

"அது மாடுங்க, எதையும் நக்கும். ஒண்ணும் ஆவாது" என்றார் அமராவதி.

சிவரஞ்சனி குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கன்றின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். நாக்குக்கு எட்டாதபடி கயிற்றைச் சுருக்கிக் கட்டினாள். கட்டி முடித்ததும் முகம் மாறிவிட்டது. இப்போது இறுக்கமாக இருக்கிறதோ என்று. அவிழ்த்துத் தளர்த்தினாள். கன்று உடனே நாக்கை நீட்டியது. மறுபடி சுருக்கினாள். "விடும்மா, நேரமாச்சு" என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. கயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துக்கொண்டு, அந்தக் கன்று எச்சிலை விழுங்கும் வரைக்கும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.